ஓ.டி.யில் வந்தவன்

ஏழாவது செவ்வாய்க்கிழமையும் லோகித் வந்து நின்றான்.

மாலை ஐந்து இருபது. கல்லூரி வாசல் பேருந்து நிறுத்தம். அவன் கையில் இரண்டு காகிதக் கோப்பைகளில் தேநீர் இருந்தது. மஞ்சரி காந்திபுரம் பேருந்திலிருந்து இறங்கியதும் முதலில் அவள் முகத்தை உற்றுப் பார்த்தான். பிறகுதான் சிரித்தான்.

அந்த வரிசைதான் அவளை உறுத்தியது.

"என்ன இந்தப் பக்கம்?"

"சும்மா."

"போன வாரமும் சும்மா."

"மெக்கானிக்கல் பையன் புள்ள. சும்மா இருக்கறதுதான் எங்க பாடத்திட்டமே." தேநீரை நீட்டினான். "சாப்ட்டியா?"

"மணி அஞ்சரை. எந்தச் சாப்பாட்டக் கேக்குற?"

"மத்தியானம்."

"சாப்ட்டேன்."

"நெஜமா?"

நிஜமாகவே சாப்பிட்டிருந்தாள். ஜப்பானுக்கு வேலைக்குப் போகும் ஆசையில், கல்லூரிக்குத் தெரியாமல் படித்த ஜப்பானிய மொழி வகுப்புக்குப் போகும் வழியில் இரண்டு முட்டை பப்ஸ். வகுப்பில் அன்று இருபது புதிய எழுத்துகளைத் தப்பில்லாமல் எழுதியிருந்தாள். ஆசிரியர் பாராட்டினார். பேருந்தில் சன்னலோர இருக்கை கிடைத்தது. அவள் மகிழ்ச்சியாக இருந்தாள். எதிரில் நின்றவனோ மருத்துவமனையில் நோயாளியைப் பார்க்க வந்தவனைப் போல நின்றான்.

விடுதி வாசல்வரை கூட நடந்தான். கேட்டருகே நின்று, தரையைப் பார்த்தபடி சொன்னான்.

"காலேஜ் முடிஞ்சப்பறமும் ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கலாமா? இப்பவே சொல்ல வேண்டாம். வெள்ளிக்கிழம சொல்லு."

அவளுக்கு அவனைப் பிடித்திருந்தது. ஆமாம் என்று அங்கேயே சொல்லியிருப்பாள், ஒரே ஒரு சந்தேகம் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அந்தப் பொறியியல் கல்லூரியில் ஒரே மாதத்தில் இரண்டு மாணவர்கள் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். இருவரும் நன்றாகத்தான் இருந்தார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். அடுத்த ஆண்டு எல்லோர் கையிலும் கறுப்புப் பட்டை ஏறியது. அது நாடியைப் பார்த்தது. தூக்கத்தை அளந்தது. குரல் எவ்வளவு தாழ்கிறது என்று கேட்டது. ஒருவர் மனம் ஒரு கோட்டுக்குக் கீழே இறங்கினால், அவருக்குப் பழக்கமான இன்னொருவரைத் தேர்ந்தெடுத்து அவர் கைபேசிக்குச் செய்தி அனுப்பியது. இவருடன் சற்று நேரம் இருங்கள். இந்தச் செய்தியைப் பற்றி அவரிடம் சொல்ல வேண்டாம்.

போய் இருந்துவிட்டு 'முடிந்தது' என்று அமுக்கினால் இரண்டு மணி நேரம் ஓ.டி. கிடைக்கும். ஓ.டி. என்றால் 'ஆன் டூட்டி', கல்லூரி வேலையாக வெளியே போனவர்களுக்குத் தருவது. வகுப்பில் இல்லாவிட்டாலும் இருந்ததாக எழுதிக்கொள்வார்கள். எழுபத்தைந்து சதவீத வருகை இல்லாதவர்கள் தேர்வு எழுத முடியாது என்பதால் ஓ.டி.க்கு எல்லோரும் அலைந்தார்கள்.

அதன்பின் அந்த வளாகத்தில் யாரும் இறக்கவில்லை. யாரும் யாரையும் நம்பவும் இல்லை. ஒருவன் தோளில் கை போட்டால், "என்ன மச்சி, ஓ.டி.யா?" என்று கேட்டுக் கையைத் தட்டிவிடுவார்கள். பிறந்தநாளுக்குக் கேக் வாங்கி வந்தவளைப் பார்த்துச் சிரிப்பார்கள். தேநீருக்குக் கூப்பிட்டால் கூப்பிட்டவன் கைபேசியை எட்டிப் பார்ப்பார்கள்.

லோகித் ஓ.டி.யில் வந்தவனா? மஞ்சரிக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான்.

அறையில் பெனிலா கட்டிலில் குப்புறப் படுத்திருந்தாள். தூத்துக்குடிக்காரி. அந்தத் தளத்திலேயே அதிகம் சிரிக்க வைப்பவள். வார்டன் போல நடந்து காட்டுவாள், முதல்வர் போலத் தும்முவாள்.

"வா ஏட்டி. காலை அறுத்து எறியலாம்போல அரிக்கி. மொதல்ல இதக் கழட்டு."

காலை நீட்டினாள். அவள் கணுக்காலில் மஞ்சரியின் பட்டை இருந்தது. பட்டைதான் வருகைப் பதிவும் எடுத்தது. பட்டை வகுப்பறையில் இருந்து, அதற்குள் ஒரு நாடி துடித்தால் போதும். யாருடைய நாடி என்று அது கேட்கவில்லை. ஆகவே வகுப்பைத் தவிர்ப்பவர்கள் கூட்டாளியின் கணுக்காலில் தங்கள் பட்டையைக் கட்டிவிட்டுப் போனார்கள். வகுப்பில் பாதிப் பேர் முழுக்கால் சட்டை போட அதுதான் காரணம்.

"உனக்குப் பதிலா மூணு மணி நேரம் டிரான்ஸ்ஃபார்மர் கேட்டிருக்கேன். அடுத்த பிறவியில எனக்கு நீ தண்ணி தூக்கணும்."

மஞ்சரி பட்டையைக் கழற்றித் தன் கையில் மாட்டிக்கொண்டாள்.

"சரி, சொல்லு. இன்னைக்கும் வந்தான்லா?"

"வந்தான்."

"என்ன கேட்டான்? வரிசையாச் சொல்லு. பாதிய முழுங்காத."

"சாப்ட்டியான்னு கேட்டான். நெஜமான்னு ரெண்டாவது தடவையும் கேட்டான்."

"அப்புறம்?"

"தூங்குனியான்னு கேட்டான். எதா இருந்தாலும் சொல்லுன்னான்."

"எப்பிடிச் சொன்னான்? அவன மாதிரியே சொல்லு."

மஞ்சரி சொல்லிக் காட்டினாள். பெனிலா தலையணையில் முகத்தை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் கேட்ட கேள்வியையும் மஞ்சரி சொன்னாள். ஓ.டி.யாக இருக்குமோ என்று தனக்குச் சந்தேகம் என்றாள்.

"யாரு அனுப்பினா என்னட்டி? வந்தான்லா."

"ரெண்டு மணி நேரத்துக்காக வந்திருந்தா?"

"ரெண்டு மணி நேரத்துக்காகக்கூட வராதவங்க எவ்வளவு பேரு இருக்காங்க."

அப்போது மஞ்சரியின் கைபேசி இரண்டு முறை அதிர்ந்தது. எடுத்துப் பார்த்துச் சிரித்தாள்.

"திரும்பவும் நீதான். 'பெனிலாவுடன் சற்று நேரம் இருங்கள்.'"

"ஐயோ, நான் சாகக் கிடக்கேன் போல. ஒரு வாய்த் தண்ணி ஊத்து." பெனிலா நாக்கைத் தொங்கவிட்டுக் கண்களைச் செருகினாள். மஞ்சரி விழுந்து விழுந்து சிரித்தாள்.

இது அவர்களுக்குள் பழைய வேடிக்கை. அந்தப் பருவம் தொடங்கியதிலிருந்தே வந்துகொண்டிருந்தது. வளாகத்திலேயே கலகலப்பான பெண்ணுக்குப் போய் ஆள் அனுப்புகிறதே, இந்த இயந்திரத்துக்கு மூளை இல்லை என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டார்கள். அறைத்தோழியைப் பற்றி வரும் செய்தி என்றால் சும்மா கிடைத்த ஓ.டி. எல்லா அறைகளிலும் அப்படித்தான்.

"அமுக்கு, அமுக்கு. நீயாவது தேர்வு எழுதிப் பிழச்சுக்கோ" என்றாள் பெனிலா.

மஞ்சரி 'முடிந்தது' என்று அமுக்கினாள்.

மறுநாள் மாணவர் நலப் பிரிவுக்குப் போனாள். உளவியல் ஆலோசகர் வாசுகி எழுந்து வந்து கதவைச் சாத்தினார்.

"உக்காரும்மா. நானே உன்னக் கூப்பிடணும்னு இருந்தேன்."

"என்னையா? எதுக்கு மேம்?"

"நீ வந்த விஷயத்த மொதல்ல சொல்லு."

"எனக்காக யாரையாவது அனுப்புறீங்களா?"

"அதச் சொல்லக் கூடாது. சொன்னா, வர்றவங்க முகத்துல நீ அத மட்டும்தான் பாப்ப."

"சொல்லாததாலதான் மேம் அத மட்டும் பாத்துட்டிருக்கேன்."

வாசுகி திரையைப் பார்த்தார். தண்ணீர் ஊற்றி அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். அவள் தண்ணீர் கேட்கவில்லை.

"இது எப்படி வேலை செய்யுதுன்னு மட்டும் சொல்றேன். யாராவது போய்க்கிட்டிருந்தா நாங்க தலையிட மாட்டோம். ஃப்ரெண்ட் போறதுதான் மருந்து, நாங்க நடுவுல போனா அது கெட்டுப்போகும். செய்தி போயும் வாரக்கணக்கா யாரும் வரலேன்னு பதிவானா அப்பத்தான் நாங்களே கூப்பிடுவோம்."

"அப்ப என்ன ஏன் கூப்பிடணும்னு இருந்தீங்க?"

வாசுகி திரையை அவள் பார்க்க முடியாதபடி திருப்பி வைத்தார். "உனக்கு எப்ப வேணும்னாலும் இங்க வரலாம், மஞ்சரி" என்றார். அந்தக் குரல் தேவைக்கு அதிகமாக மென்மையாக இருந்தது.

படியில் இறங்கும்போது மஞ்சரிக்கு இரண்டு விஷயங்கள் புரிந்தன. அவளுக்காக வந்ததாக யாரும் பதிவு செய்யவில்லை. அப்படியென்றால் லோகித் ஓ.டி.யில் வந்தவன் இல்லை. அந்த நிம்மதி நான்கு படிகள் வரைதான் நின்றது. அவள் கோட்டுக்குக் கீழே இருக்கிறாள் என்பது இரண்டாவது.

அன்று முழுவதும் தன்னையே வேவு பார்த்தாள். மதியம் தட்டில் சோறு மீந்தபோது, பசி இல்லையா, சோகமா என்று யோசித்தாள். குளியலறைக் கண்ணாடியில் சிரித்துப் பார்த்தாள். சிரிப்பு சரியாகத்தான் இருந்தது. அந்த இரண்டு மாணவர்களும் அப்படித்தான் சிரித்திருப்பார்கள். அம்மாவிடம் கைபேசியில் பேசும்போது தன் குரல் தாழ்கிறதா என்று கவனித்தாள். தனக்குத் தெரியாத ஏதோ ஒன்று தனக்குள் இருக்கிறது, அது வாசுகி மேடத்துக்குத் தெரியும், தனக்குத்தான் தெரியாது என்று நினைத்து, விரல் வைத்துத் தன் நாடியை எண்ணிப் பார்த்தாள். கையிலிருந்த பட்டை அதையும் குறித்துக்கொண்டிருக்கும்.

வியாழக்கிழமை மாலை பேருந்திலிருந்து இறங்கினாள். லோகித் நின்றிருந்தான். முகத்தைப் பார்த்தான். சிரித்தான். படியில் போட்ட கணக்கை அவன் வாயாலேயே கேட்டுவிட வேண்டும் என்று அவள் தேநீரை வாங்கவில்லை.

"ஒரே ஒரு கேள்வி. பொய் சொன்னா இதோட முடிஞ்சுது."

"கேளு."

"ஓ.டி.யில வந்தியா?"

அவன் இரண்டு கோப்பைகளையும் நிழற்குடை இருக்கையில் வைத்தான்.

"மொத தடவ ஆமா."

"அப்புறம்?"

"செய்தி வந்துட்டேதான் இருக்கு. ஆனா மொத தடவ மட்டுந்தான் 'முடிந்தது' அமுக்குனேன். என்.எஸ்.எஸ். கேம்ப்ல ஒரே டீம்ல இருந்தோமில்ல, அதுல என் பேரப் புடிச்சிருக்கும். அடுத்த தடவயிருந்து அமுக்கல. ஓ.டி.ய வாங்கி பையில போட்டுட்டு உன்னப் பாக்க வர்றது அசிங்கமா இருந்துச்சு."

"நெஜமாவே என் பேருலதான் செய்தி வந்துச்சா?"

"இதென்ன கேள்வி. இந்தா பாரு."

கைபேசியைக் கொடுத்தான். பதினான்கு செய்திகள். மஞ்சரி, செவ்வாய், இரண்டு ஐம்பது. மஞ்சரி, வியாழன், மூன்று பத்து. மஞ்சரி, செவ்வாய், மூன்று மணி. எல்லாமே செவ்வாய், வியாழன். எல்லாமே மதியம் இரண்டுக்கும் ஐந்துக்கும் நடுவில்.

"மொத நாள் உன் க்ளாஸ் வாசல்லயே போயி நின்னேன். எல்லாரும் வந்தாங்க, நீ வரல. பயந்துட்டேன். தேடிட்டு வாசலுக்கு வந்தா, பஸ்ஸுல இருந்து எறங்குற. எங்கியோ போயி தனியா அழுதுட்டு வர்றேன்னு நெனச்சேன். அதான் அன்னைலருந்து இங்கயே நின்னுக்கிட்டேன்."

"சிரிச்சுட்டுதான எறங்குனேன்?"

"அதான் புள்ள. உள்ள அவ்வளவு வெச்சுக்கிட்டு ஒருத்தி எப்படி இப்படிச் சிரிக்கிறான்னு..." அவன் நிறுத்தினான். காது சிவந்துவிட்டது. "அங்கதான் விழுந்தேன்."

மஞ்சரி தன் இடது கையைப் பார்த்தாள். குர்த்தாவின் முழுக்கைக்குக் கீழே மணிக்கட்டு வெறுமையாக இருந்தது. மதியம் ஒன்றரைக்குக் கழற்றிக் கொடுத்தது. செவ்வாயும் வியாழனும் அது அவள் கையில் இருப்பதே இல்லை.

"லோகித், அது நான் இல்ல."

"என்ன நீ இல்ல?"

"பட்டை என் கையில இல்ல. அந்நேரம் நான் ஜப்பானீஸ் க்ளாஸ்ல இருக்கேன். பெனிலாதான் ப்ராக்ஸி."

அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "அப்ப நீ..."

"நான் நல்லாத்தான் இருக்கேன். ரொம்ப நாளாவே நல்லாத்தான் இருக்கேன்."

அவள் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் வந்தது நிம்மதி இல்லை. கையில் பத்திரமாக வைத்திருந்ததை யாரோ வாங்கிக்கொண்டு போனதுபோல ஒரு வெறுமை. நிம்மதி அதன்பின் வந்தது, ஒரு நொடி தாமதமாக. அவன் நல்லவன், அவனுக்கே அது தெரிந்திருக்காது. அந்த ஒரு நொடியில் வெள்ளிக்கிழமைக்கான பதில் அவளுக்குக் கிடைத்துவிட்டது.

"டீ ஆறிப்போச்சு" என்றான் லோகித்.

"போச்சாது" என்று, பரவாயில்லை என்பதை அவன் ஊர்ப் பேச்சிலேயே சொல்லிவிட்டு அவள் விடுதிப் பக்கம் நடந்தாள். பாதி வழியில் ஓடினாள்.

ஓடிக்கொண்டே கைபேசியைத் திறந்தாள். தனக்கு வந்த செய்திகளின் பட்டியல் கீழே கீழே போய்க்கொண்டே இருந்தது. பெனிலா, திங்கள். பெனிலா, செவ்வாய். பெனிலா, ஞாயிறு. முப்பத்தெட்டு. எல்லாவற்றுக்கும் நேரே பச்சை எழுத்தில் 'முடிந்தது'. இரண்டு பட்டைகள், இரண்டு பெயர்கள், ஒரே நாடி. இயந்திரம் இரண்டு முறையும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. போனவன் பதிவு செய்யவில்லை. அதனால் வாசுகி மேடம் மஞ்சரிக்காகக் கவலைப்பட்டார். போகாதவள் முப்பத்தெட்டு முறை பதிவு செய்தாள். அதனால் பெனிலாவைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

இரண்டாவது மாடி. கதவு சாத்தியிருந்தது. தள்ளியதும் திறந்தது. பெனிலா கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மஞ்சரியின் பட்டை கழற்றப்பட்டு மேசையில் கிடந்தது.

"வந்தான்லா?" திரும்பாமலே கேட்டாள். "இன்னைக்கு என்ன கேட்டான்? வரிசையாச் சொல்லு."

மஞ்சரி கட்டிலருகே தரையில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது.

"பெனி, அவன் வந்தது எனக்கு இல்ல. உனக்கு."

பெனிலா போர்வையைத் தோள்வரை இழுத்துக்கொண்டாள்.

"உனக்குத் தெரியுமா?"

"மூணாவது வாரமே தெரியும்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நின்னுருக்கும்லா." அவள் மெல்லத் திரும்பினாள். முகத்தில் எதுவும் இல்லை. மஞ்சரி அந்த முகத்தை இதற்குமுன் பார்த்ததில்லை. "உன் பேருல போனா ஆளு வருது. என் பேருல போனா ஓ.டி. வருது."

மஞ்சரி தலையைக் குனிந்துகொண்டாள்.

"திட்டல. நாந்தானே அமுக்கு அமுக்குன்னேன். மொத நாள் நீ சிரிச்சுட்ட. அதுக்கப்புறம் எப்பிடி ஏட்டி நெஜம்னு சொல்றது?" பெனிலா கூரையைப் பார்த்தாள். "சாப்ட்டியான்னு கேட்டான்னு நீ வந்து சொல்லுவேல்ல. அன்னைக்கு மட்டும் ராத்திரி மெஸ்ஸுக்கு இறங்கிப் போவேன். ஒருத்தன் கேட்டிருக்கான், எனக்குத்தான் கேட்டிருக்கான்னு."

"என்ன ஆச்சு உனக்கு?"

"ஒண்ணும் ஆகல. அதுதான் பிரச்சன. அப்பா செத்துட்டாரு, லவ்வு புட்டுக்கிச்சுன்னா சொல்லலாம். ஒரு காரணமும் இல்ல. காலைல முழிக்கும்போதே கல்ல வச்ச மாதிரி இருக்கு. காரணம் இல்லாம யாருகிட்ட போயிச் சொல்ல?"

மஞ்சரி கைபேசியை எடுத்தாள். பெனிலாவின் கண்கள் சட்டென்று அந்தத் திரைக்குப் போயின.

"என்ன, முப்பத்தொம்பதாவதா?"

"இல்ல." அவள் அழைத்தாள். ஒலிபெருக்கியைப் போட்டாள்.

"சொல்லும்மா மஞ்சரி." வாசுகியின் அதே மென்மையான குரல்.

"மேம், எனக்கு ஒண்ணும் இல்ல. பெனிலாவுக்கு நான் போனதா இருக்கே, முப்பத்தெட்டு தடவை. அது அத்தனையும் பொய். ஒரு தடவகூட நான் போகல. செவ்வாய் வியாழன் என் பட்டையும் அவ காலுலதான் இருந்துச்சு."

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"நீ இப்ப எங்க இருக்க?"

"அவகூட."

"அங்கயே இரு. கூட்டிட்டு வர முடியுமா, நான் வரட்டுமா?"

மஞ்சரி பெனிலாவைப் பார்த்தாள். பெனிலா எழுந்து உட்கார்ந்திருந்தாள். அவள் பார்வையில் நன்றி இல்லை. பேரம் பேசுபவளின் கூர்மை இருந்தது.

"உன் ஓ.டி. மொத்தமும் போயிரும். ப்ராக்ஸியும் சேந்தா இந்த செமஸ்டர் தேர்வே எழுத விடமாட்டான்."

"தெரியும்."

"ஜப்பானு?"

"அடுத்த வருசம்."

"இப்ப மட்டும் எதுக்கு? நான் எதாவது பண்ணிக்குவேன்னு பயமா? இல்ல, மனசாட்சி குத்துதா?"

மஞ்சரி யோசித்தாள். நல்லதாக ஒரு பதில் சொல்ல ஆசையாக இருந்தது.

"ரெண்டும். எது எவ்வளவுன்னு தெரியல."

பெனிலா கூந்தலை அள்ளி முடிந்துகொண்டாள். கைபேசியில் வாசுகி காத்துக்கொண்டிருந்தார்.

"அந்த மேடம் ரூம் வாசல் வரைக்கும் வருவியா? விட்டுட்டுப் போயிருவியா?"

"உள்ளயும் வர்றேன்."

"எவ்வளவு நேரம்?"

"தெரியல. நீ போன்னு சொல்ற வரைக்கும்."

பெனிலா கட்டிலிலிருந்து கால்களைத் தொங்கவிட்டாள். ஒரு செருப்புதான் தட்டுப்பட்டது. மஞ்சரி குனிந்து, கட்டிலுக்கடியில் கை நீட்டி மற்றதை எடுத்து வைத்தாள். பெனிலா அதை மாட்டிக்கொண்டு எழுந்தாள். வேடிக்கையாக எதுவும் சொல்லவில்லை.